ஒளுவுக்குக் கழட்டின லென்ஸ்

கண்ணைக் கழுவினா கண்ணு போகுமா? நீங்களே சொல்லுங்க. எனக்கு அம்பத்திரண்டு வயசு ஆகுது. தூசி விழுந்து கண்ணு கெட்டுச்சு, அழுக்குக் கையால தேய்ச்சு கெட்டுச்சுன்னெல்லாம் கேள்விப்பட்டிருக்கேன். சுத்தமா இருக்கணும்னு நெனச்சே ஒருத்தன் கண்ணைக் கெடுத்துக்கிட்டத என் தம்பி விஷயத்துலதான் பாத்தேன். இன்னும் அந்த அதிர்ச்சி எனக்கு அடங்கல. சோத்த அள்ளி வாயில வைக்கப் போறப்போ திடீர்னு நெனப்பு வரும், கை அப்படியே நின்னுரும்.

என் பேரு காமாரியா. ஜார்ச்டவுன்ல, மெக்காலம் தெரு அடுக்குமாடியில பதினோராவது மாடியில இருக்கேன். சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்குறேன். எங்க ஆளுங்க அக்காவ லாத்தான்னு கூப்பிடுவோம், அதனால இந்த வட்டாரத்துக்கே நான் 'ஓதிக் கொடுக்குற லாத்தா'. வாய் கொஞ்சம் நீளம்தான், நானே ஒத்துக்குறேன். யாராவது ஏதாவது கேட்டு முடிக்கிறதுக்குள்ள என் பதில் வெளிய வந்துரும்.

என் தம்பி ஹைக்கல் என்னைவிடப் பதினஞ்சு வயசு சின்னவன். சூலியா தெருவுலேர்ந்து பிரியுற ஒரு சந்துல நாசி கண்டார் கடை, சோத்துமேல ரகரகமாக் குழம்பு ஊத்திக் கொடுக்குற கடை, அங்க குவா ஊத்துறவன் அவன்தான். குவான்னா குழம்பு. நாசி கண்டார்ல சோறு யாரு வேணா வைக்கலாம், கோழித் துண்ட யாரு வேணா எடுத்துப் போடலாம். குழம்பு ஊத்துறவன் கை சரியில்லைன்னா அன்னைக்குச் சாப்பாடே போச்சு. மீன் குழம்புல ஒரு கரண்டி, கோழியில அரைக் கரண்டி, கறுப்பா இருக்குற சோயாக் குழம்பு கொஞ்சம், மேல பருப்பு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கணக்கு. வரிசையில நிக்கிறவங்க 'பியாசா'ன்னு ஒரு வார்த்தைதான் சொல்லுவாங்க, வழக்கம்போலன்னு அர்த்தம். யாருக்கு எது வழக்கம்னு நூறு பேருக்கு மேல அவன் மனசுல வச்சிருந்தான். நான் ஒருநாள் மலைச்சுப் போய் நின்னு பாத்தேன். முகத்தப் பாப்பான், கை தன்னால போகும்.

ஸ்கூல் படிக்கிறப்போவே அவனுக்கு சோடாப்புட்டிக் கண்ணாடி. கண்ணாடியக் கழட்டினா எதிர்ல நிக்கிறது நானா மரமான்னு தெரியாது. குழம்புப் பாத்திரத்து மூடியத் திறந்தா குப்புன்னு ஆவி அடிக்கும், கண்ணாடி வெள்ளையாயிரும். இடது கையால துடைச்சுத் துடைச்சு ஊத்திக்கிட்டே பதினாலு வருஷம் ஓட்டிட்டான். அவன் ஒன்னும் குறை சொன்னதில்ல.

ஒருநாள் மத்தியானம் கார்த்திகேசு ஐயா வந்திருக்காரு. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், அரசாங்க ஆபீஸ்ல கிராணியா, அதான் குமாஸ்தாவா, இருந்து ரிட்டயர் ஆனவரு. வாரத்துக்கு மூணு நாள் வருவாரு, மாட்டுக் கறி தொடமாட்டாரு. கடையில கூட்டம், கண்ணாடி முழுக்க ஆவி. கோழிக் குழம்புன்னு நெனச்சு மாட்டுக் குழம்ப அள்ளி ஐயா தட்டுல ஊத்திட்டான். அவரு தட்ட எடுத்துக்கிட்டு மேசைக்குப் போயிட்டாரு. இவன் கண்ணாடியத் துடைச்சுட்டுப் பாத்தா கரண்டி எந்தப் பாத்திரத்துல கிடக்குதுன்னு தெரிஞ்சிருக்கு. போட்டது போட்டபடி ஓடிப் போயி, ஐயா வாய்க்கிட்ட கொண்டு போன கையப் புடிச்சுட்டான்.

ஐயா பெரிய மனுஷன். "பரவாயில்ல தம்பி, வாயில படல"ன்னு சிரிச்சிருக்காரு. இவனால சிரிக்க முடியல. என் வீட்டுக்கு வந்து உக்காந்து அழுதான். "அவரு நம்பித்தானே லாத்தா தட்ட நீட்டினாரு"ன்னு சொல்லிச் சொல்லி அழுதான். கல்யாணம் ஆகி ரெண்டு பிள்ளைங்களுக்குத் தகப்பன், இப்படி அழுவானான்னு எனக்கே ஆச்சரியமாயிருச்சு. அந்த வாரமே கண்ணாடிக் கடைக்குப் போயி, சோதிச்சுப் பாத்து, கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் வாங்கிட்டான்.

மனசாட்சி அவ்வளவு அவனுக்கு. அதுதான் அவனக் கெடுத்துச்சு. இல்ல இல்ல, பொய் சொல்லக் கூடாது. கெடுத்தது நான்.

போன வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள். சொந்தக்காரங்க எல்லாம் என் வீட்டுல. அஸர் தொழுகை நேரம். தொழுறதுக்கு முன்னாடி கை கால் முகம் கழுவுறோமே, ஒளு, அத எடுக்க ஹைக்கல் குளியலறைக்குப் போனான். நான் பிரியாணிச் சட்டியோட அந்தப் பக்கம் வந்தவ சும்மா போயிருக்கலாம்லா. "ஏன்டா, கண்ணுல அதப் போட்டுக்கிட்டே ஒளு எடுக்குறியா?"ன்னு கேட்டேன்.

"ஆமா லாத்தா. ஏன்?"

"நகத்துல பூச்சு போட்டா தண்ணி படாது, ஒளு சேராதுன்னு பொம்பளைப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்குறேன். நீ கண்ணுக்குள்ள பிளாஸ்டிக்க ஒட்டிக்கிட்டு முகம் கழுவுற. அது மட்டும் சேருமா?"

வீட்டுல எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. என் மாமி "அட, ஆமால்லா!"ன்னு சொன்னாங்க. எனக்குப் பெருமை தாங்கல. எந்தக் கிதாபுல படிச்சேன்? எந்த ஹஜ்ரத்துகிட்ட கேட்டேன்? ஒன்னும் இல்ல. நகப்பூச்சு மாதிரின்னு தோணுச்சு, சொல்லிட்டேன். அவன் ஒரு நிமிஷம் யோசிச்சான். அங்கேயே நின்னு ரெண்டு லென்ஸையும் கழட்டி, என் சமையலறைக் கிண்ணத்துல தண்ணி ஊத்தி அதுல போட்டுட்டு, மறுபடியும் முதல்லேர்ந்து ஒளு எடுத்தான்.

அன்னையிலேர்ந்து டிசம்பர் வரைக்கும் ஆறு மாசம். சுபுஹுத் தொழுகைய வீட்டுலயே முடிச்சுட்டுத்தான் லென்ஸ் போடுவான். கடையில இருக்குறப்போ லுஹர், அஸர், மஃரிப், மூணு வேளை. மூணு வேளையும் கழட்டுவான், தண்ணியில அலசுவான், சின்ன டப்பாவுல தண்ணி ஊத்தி ஊறப் போடுவான், தொழுதுட்டு வந்து திரும்பப் போட்டுக்குவான். லென்ஸுக்குன்னு விக்கிற மருந்துத் தண்ணி வீட்டுல இருக்கும், அது ராத்திரிக்கு. கடையில குடிக்கிற தண்ணிதான். குழாய்த் தண்ணிகூட இல்லைங்க, வடிகட்டி வச்சிருக்குற தண்ணி! நல்ல தண்ணியாப் பாத்துப் பாத்துத்தான் கழுவியிருக்கான், பாவி.

டிசம்பர் கடைசியில இடது கண்ணு சிவந்துச்சு. மிளகாய்த் தூள் பட்டிருக்கும்னு விட்டுட்டான். ரெண்டு நாள்ல தண்ணியா ஒழுகுச்சு. கிளினிக்குக்குப் போனான், கண்ணு நோவுன்னு சொட்டு மருந்து கொடுத்தாங்க. கேக்கல. இன்னொரு கிளினிக்குக்குப் போனான், அங்க வேற மருந்து. அதுக்கப்புறம் வந்துச்சு பாருங்க ஒரு வலி. கண்ணுல சும்மா சிவப்புதான் தெரியுது, ஆனா அவன் தலையச் சுவத்துல முட்டுறான். வெளிச்சம் ஆகாது. ஜன்னலுக்கெல்லாம் பெட்ஷீட்ட மாட்டி, வீட்ட இருட்டாக்கி வச்சிருந்தா லைலா. லைலா அவன் பொண்டாட்டி, பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி வேலை. அவளுக்கு லீவு கிடைக்கலன்னு நான்தான் அவனப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன்.

கண்ணு டாக்டர் பேரு ஸுல்கிஃப்லி, சின்ன வயசு, மலாய்க்காரர். மெஷின்ல தாடையை வைக்கச் சொல்லி ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் என்னையும் பாக்கச் சொன்னாரு. கண்ணோட கறுப்புக்கு மேல வெள்ளையா ஒரு வளையம். பால் கிளாஸ் வச்ச இடத்துல வட்டமாத் தடம் விழுமே, அந்த மாதிரி.

"லென்ஸ் போடுவீங்களா?"ன்னு கேட்டாரு.

"போடுவேன் டாக்டர். ஆனா ரொம்ப சுத்தமா வச்சுக்குவேன்"னு ஹைக்கல் சொன்னான். அந்த வலியிலயும் அவனுக்கு ஒரு பெருமை. "கடையில மட்டும் ஒரு நாளைக்கு மூணு தடவை கழுவுவேன்."

"எதுல கழுவுவீங்க?"

"தண்ணியிலதான் டாக்டர். குடிக்கிற தண்ணி."

டாக்டர் எழுதிக்கிட்டு இருந்தவரு பேனாவக் கீழ வச்சுட்டாரு. நான் அவரு முகத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். கெட்ட சேதி சொல்ல வர்ற மனுஷன் முகம் எப்படி இருக்கும்னு அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்.

தண்ணியில ஒரு கிருமி இருக்காம், அமீபான்னு பேரு. குழாய்த் தண்ணி, குடிக்கிற தண்ணி, எல்லாத்துலயும் இருக்குமாம். குடிச்சா ஒன்னும் பண்ணாது, முகம் கழுவினாலும் பெரும்பாலும் ஒன்னும் பண்ணாது. லென்ஸ் ஈரத்துல ஒட்டிக்கிட்டு கண்ணுமேல போயி உக்காந்துச்சுன்னா அங்கேயே வீடு கட்டிக்குமாம். கண்ணுமணிய உள்ளுக்குள்ள தின்னுமாம். அஸ்தஃபிருல்லாஹ்! தண்ணி கண்ணைத் தின்னும்னு எனக்கு யாரு சொல்லியிருக்கா? லென்ஸ் விக்கிறவன் கொடுத்த தாள்ல எழுதியிருந்துச்சாம். அந்தத் தாள எவன் படிக்கிறான்?

"மூணு தடவை ஏன் கழட்டுறீங்க? காலையில போட்டா ராத்திரிதானே கழட்டணும்?"ன்னு டாக்டர் கேட்டாரு.

"ஒளு எடுக்கணும்ல டாக்டர்."

டாக்டர் நாற்காலிய அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டாரு. அப்புறம் தன் கண்ணைக் காட்டினாரு. "நானும் லென்ஸ்தான் போட்டிருக்கேன். இப்பதான் லுஹர் தொழுதுட்டு வந்தேன். கண்ணை மூடிக்கிட்டு முகத்தக் கழுவுவேன், துடைச்சுக்குவேன். கழட்டணும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

நான் பக்கத்து நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன். ஹைக்கல் என் பக்கம் திரும்பக்கூட இல்ல.

"யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்."

கண்ணுமணிய லேசாச் சுரண்டி எடுத்தாங்க, லென்ஸ், டப்பா எல்லாத்தையும் சோதனைக்கு வாங்கிக்கிட்டாங்க. டாக்டர் சந்தேகப்பட்டதுதான் வந்துச்சு. ஆஸ்பத்திரியிலயே படுக்க வச்சு, மூணு நாள் ராத்திரி பகல் பாக்காம மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட்டாங்க. அப்புறம் வீட்டுக்கு விட்டாங்க, ஆனா பல மாசத்துக்கு மருந்து விடணும், ஒரு வேளைகூடத் தவறக் கூடாதுன்னு டாக்டர் விரலை நீட்டிச் சொன்னாரு. "இது செத்த மாதிரி நடிக்கிற கிருமி. மருந்து குறைஞ்சா முழிச்சுக்கும். ஒழுங்கா விட்டா இந்தக் கண்ணைக் காப்பாத்திரலாம்."

வீட்டுக்கு வர்ற வழியில கார்ல கேட்டேன், "ஏன்டா எம் பேரச் சொல்லல?"

"எதுக்கு லாத்தா? அவரு மருந்து படிச்சவரு. மார்க்கம் உங்களுக்குத்தானே தெரியும். அவரு கண்ணை மூடிக்கிட்டு ஒளு எடுத்தா அது அவரு பாடு."

அல்லாவே! கண்ணுல வளையத்தோட உக்காந்துக்கிட்டு, டாக்டரை நம்பல, என்னை நம்புறான்.

அன்னைக்குச் சாயங்காலம் பிள்ளைங்கள எல்லாம் திருப்பி அனுப்பிட்டு, பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டேன். விஷயத்தச் சொன்னேன், யாரு யாருக்குச் சொன்னதுன்னும் மறைக்காம சொன்னேன். அவரு பொறுமையாக் கேட்டுட்டு, "கண்ணுக்கு உள்பக்கம் கழுவ வேண்டியதே இல்லையேம்மா. லென்ஸ் இருந்தா ஒளுவுக்கு ஒரு குறையும் இல்ல. நகப்பூச்சு வேற, இது வேற. தம்பிகிட்ட உடனே சொல்லிடுங்க"ன்னாரு.

சொல்லிருக்கணும். அந்த நிமிஷமே அவன் வீட்டுக்குப் போயிச் சொல்லிருக்கணும். நாளைக்குச் சொல்லலாம்னு நெனச்சேன். நாளைக்கு வந்துச்சு, அவன் வலியில கிடக்கான், இப்ப எதுக்குன்னு நெனச்சேன். இனிமே லென்ஸே போடப் போறதில்ல, சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு நெனச்சேன். எல்லாம் சாக்குங்க. எனக்கு வெக்கம். இத்தனை பிள்ளைங்களுக்கு ஓதிக் கொடுக்குறவ தப்பாச் சொல்லி ஒருத்தன் கண்ணைக் கெடுத்துட்டாள்னு ஊர் பேசுமேன்னு பயம். அவ்வளவுதான்.

லைலா வேற சும்மா இருக்கமாட்டா. வர்றப்போ எல்லாம் "இவருக்கா இப்படித் தோணியிருக்காது லாத்தா, எவனோ மடையன் சொல்லியிருக்கான். அவன் எங் கையில கிடைக்கட்டும், கிழிச்சுத் தொங்க விடுறேன்"னு பொரிஞ்சு தள்ளுவா. நான் "விடு புள்ள, விடு"ன்னு சொல்லிக்கிட்டே வெங்காயம் நறுக்குவேன். நறுக்க வேண்டிய அவசியமே இருக்காது.

பிப்ரவரியில கண்ணு தேறி வந்துச்சு. நெசமாவே தேறுச்சு. வலி குறைஞ்சுச்சு, ஜன்னல் பெட்ஷீட்ட எடுத்தாங்க, ஆஸ்பத்திரிச் சுவர்ல இருக்குற எழுத்துல மூணாவது வரி வரைக்கும் இடது கண்ணால படிச்சான். டாக்டர் தோள்ல தட்டினாராம். பகல்ல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்து விட்டாப் போதும்னு குறைச்சாங்க. லேசான வேலை செய்யலாம்னு சொன்னதும், கடையில பின்பக்கம் நோன்புக் கஞ்சி காய்ச்சுற வேலைக்குப் போயிட்டான். அதுக்குள்ள நோன்பு பிறந்துருச்சு.

பத்தாவது நோன்பு அன்னைக்கு ஹைக்கலும் லைலாவும் பிள்ளைங்களும் நோன்பு திறக்க என் வீட்டுக்கு வந்தாங்க. அவன் கண்ணு மறுபடியும் சிவந்திருந்துச்சு. கஞ்சிப் பானை புகைன்னான். லைலா அவன் பையிலேர்ந்து மருந்து பாட்டிலை எடுத்து என் ஃபிரிட்ஜுல வைக்கப் போனவ, வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா.

"என்னாங்க இது? பத்து நாள்ல முடிய வேண்டிய மருந்து, பாதிக்கு மேல அப்படியே இருக்கு?"

"ராத்திரி விட்டுக்குறேன்ல"ன்னான் அவன், பேரீச்சம்பழத்த எடுத்து வச்சுக்கிட்டே.

"பகல்ல?"

"பகல்ல எப்படி விடுறது? நோன்புல்லா."

"யாருடா சொன்னது உனக்கு?"ன்னு கத்தினேன்.

"யாரு சொல்லணும்? நீங்கதானே பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுப்பீங்க, நோன்பு வச்சா உள்ள எதுவும் போகக் கூடாதுன்னு. மருந்து விட்டா தொண்டையில கசக்குது லாத்தா. அப்ப உள்ளதானே போகுது?"

பத்து நாள்! பத்து நாள் பகல் முழுக்க ஒரு சொட்டு விடல. லைலா வேலைக்குப் போயிருவா, கடையில விட்டுக்குறேன்னு அவளுக்குச் சொல்லியிருக்கான். டாக்டர் சொன்னது அவன் காதுல இருக்கு, ஆனா மார்க்க விஷயத்துல டாக்டர் பேச்சு எடுபடாதுன்னு ஜனவரியிலேயே முடிவு பண்ணிட்டான்லா. அந்த முடிவ நான் வாயத் திறந்திருந்தா அன்னைக்கே மாத்தியிருக்கலாம்.

கண்ணு மருந்து நோன்ப முறிக்குமா முறிக்காதான்னு எனக்கு அந்த நேரத்துல நிச்சயமாத் தெரியல. இந்தத் தடவை வாயால அடிச்சு விடல. ஹஜ்ரத்துக்குப் போன் போட்டேன். எல்லாரும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டேன். அது நான் யோசிக்காம செஞ்சது.

"கண்ணு மருந்து நோன்ப முறிக்காதும்மா. தொண்டையில கசந்தாலும் முறிக்காது. அவருக்கு இருக்குற நோய்க்கு நோன்ப விட்டுட்டுப் பின்னாடி வச்சாக்கூடப் போதும். முதல்ல மருந்த விடச் சொல்லுங்க"ன்னாரு ஹஜ்ரத். நான் போனை அணைக்கப் போறேன், அவரு தொடர்ந்து பேசுறாரு. "ஏம்மா காமாரியா, அன்னைக்கு லென்ஸ் விஷயமா நீங்க கேட்டப்பவே சொன்னேனே, நீங்க தம்பிகிட்ட சொன்னது தப்பு, கழட்ட வேண்டியதில்ல, உடனே சொல்லிடுங்கன்னு. அத அவருகிட்ட சொன்னீங்கதானே?"

கஞ்சிக் கிண்ணத்துலேர்ந்து ஆவி போய்க்கிட்டு இருக்கு. பிள்ளைங்க ரெண்டும் எங்க முகத்த மாத்தி மாத்திப் பாக்குதுங்க. நான் போனை அணைச்சேன். லைலா என்னைப் பாத்த பார்வைய இந்த ஜென்மத்துல மறக்கமாட்டேன். அவ திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். இத்தனை நாள் தேடின ஆளு கையில கிடைச்சும் அவளால வாயே திறக்க முடியல.

ஹைக்கல்தான் கேட்டான். "ஜனவரியிலேயே தெரியுமா லாத்தா?"

"தெரியும்டா."

பாங்கு சத்தம் வந்துச்சு. பேரீச்சம்பழத்த வாயில போட்டு நோன்பு திறந்தான். அப்புறம் தலையைப் பின்னால சாய்ச்சு, பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு விட்டுக்கிட்டான்.

மறுநாள் காலையில ஆஸ்பத்திரியில டாக்டர் ஸுல்கிஃப்லி மெஷின்ல பாத்துட்டு நாற்காலியிலேயே சாய்ஞ்சுட்டாரு. கிருமி முழிச்சுக்கிச்சு, ஆழமாப் போயிருச்சு. மறுபடியும் படுக்க வச்சாங்க, மறுபடியும் மணிக்கு ஒரு சொட்டு. கிருமி கடைசியில செத்துச்சு. ஆனா அது செத்த இடமெல்லாம் வெள்ளைத் தழும்பு. ஹைக்கலோட இடது கண்ணுக்கு இப்ப வெளிச்சம் தெரியும், ஆள் அசைஞ்சா நெழல் தெரியும். நான் யாருன்னு தெரியாது. "பகல்லயும் மருந்து விட்டிருந்தா?"ன்னு நான் டாக்டரைக் கேட்டேன். அவரு நல்ல மனுஷன், ஃபைலை மூடிட்டு ஹைக்கலைக் கையப் புடிச்சு வாசல் வரைக்கும் கூட்டிக்கிட்டு வந்தாரு.

வலது கண்ணுக்குப் பழைய சோடாப்புட்டிக் கண்ணாடியே வந்துருச்சு. கடை முதலாளி நல்லவரு, வேலையை விட்டு எடுக்கல. பெருநாள் கழிச்சு அவன் ஆசைப்பட்டான்னு ஒருநாள் குவா ஊத்த விட்டாரு. நானும் போயிருந்தேன். ஒத்தக் கண்ணுல தட்டு எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பிடிபடாது போல. கரண்டிய எடுத்தான், ஊத்தினான், குழம்பு தட்டுக்கு வெளிய, நீட்டின கைமேல விழுந்துச்சு. கை கார்த்திகேசு ஐயாவோடது. சுடச்சுட மீன் குழம்பு. ஐயா கையை உதறிட்டு, "ஒன்னும் இல்ல தம்பி, பியாசா"ன்னு சிரிக்கப் பாத்தாரு. ஹைக்கல் கரண்டியப் பாத்திரத்துல வச்சுட்டு, கையைத் துடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டான். அன்னையிலேர்ந்து பின்பக்கம் அரிசி கழுவுறதும் வெங்காயம் உரிக்கிறதும்தான் அவன் வேலை.

நான் பிள்ளைங்களோட அம்மாமாரை எல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சு, நடந்தத ஒன்னு விடாம சொன்னேன். லென்ஸ் போடுற உங்க பெரிய பிள்ளைங்க கிட்ட சொல்லுங்க, தண்ணி பக்கம் கொண்டு போகக் கூடாது, ஒளுவுக்குக் கழட்டவும் வேண்டாம், இத என் தம்பிக்குத் தப்பாச் சொன்னவ நான்தான்னு சொன்னேன். ரெண்டு பேரு பிள்ளைங்கள நிறுத்திட்டாங்க. நிறுத்தட்டும்.

லைலா என்கிட்ட பேச ரெண்டு மாசம் ஆச்சு. போன வாரம் அவதான் போன்ல சொன்னா. ஒரு வருஷம் கண்ணு அமைதியா இருந்தா, இறந்தவங்க கண்ணுலேர்ந்து எடுத்த கண்ணுமணிய மாத்தி வைக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அது மார்க்கத்துல கூடுமான்னு ஹைக்கலுக்கு ரொம்ப யோசனையாம். தனியாப் பள்ளிவாசலுக்குப் போயி ஹஜ்ரத்தைப் பாத்துக் கேட்டுட்டு வந்திருக்கான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு அவன் வீட்டுக்கு வந்தான். இப்பவும் வாரா வாரம் வருவான், சோறு பொட்டலம் வாங்கிட்டு வருவான், பிள்ளைங்க கதை சொல்லுவான், பழையபடி கிண்டல்கூடப் பண்ணுவான். சாப்பிட்டு முடிச்சதும் நான்தான் ஆரம்பிச்சேன்.

"ஹஜ்ரத் என்னடா சொன்னாரு?"

"கூடும்னு சொன்னாரு லாத்தா. உசுரக் காப்பாத்துற மாதிரிதான் இதுவும்னாரு."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல"ன்னு வாய்க்கு வந்துருச்சு. சொன்ன உடனே நாக்கக் கடிச்சுக்கிட்டேன்.

அவன் கோவிக்கல. கை கழுவ எழுந்தவன் தூரம் பிடிபடாம தடவி நாற்காலி முதுகப் புடிச்சுக்கிட்டு நின்னான். "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருப்பேன்டா."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே லாத்தா"ன்னு மெதுவாச் சொல்லிட்டு, கை கழுவப் போயிட்டான்.